உயிரோடு விளையாடும் ‘ஒரு செட்’ மாத்திரை! சளி, காய்ச்சலுக்கு மருந்து வாங்குவோரே, உஷார்!

மாலை மணி 6. மழை விட்டும் தூவானம் விடவில்லை. புறநகர் மின்சார ரயில் வந்து நிற்கிறது. குடையும் சாப்பாட்டுப் பையுமாக கூட்டம் படி இறங்குகிறது. பாதிப் பேர் டீக்கடைக்கு ஒதுங்குகிறார்கள். மீதிப் பேர் எதிரே இருக்கும் மருந்துக் கடைக்குப் போகிறார்கள்.

முதல் ஆள் ஒரு தனியார் கம்பெனி குமாஸ்தா. மூக்கில் கைக்குட்டை. கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது.

“அண்ணே, ஜுரம், சளி, ஒடம்பு வலி. ஒரு செட் குடுங்க.”

“எத்தினி வேளைக்கு?”

“மூணு வேளைக்குப் போடுங்க. நாளைக்கு லீவு போட முடியாது.”

கடைக்காரர் டாக்டர் சீட்டு கேட்கவில்லை. அவரும் காட்டவில்லை. கத்தரிக்கோல் ‘கிறீச் கிறீச்’ என்று அட்டையை வெட்டுகிறது. வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று, ஆரஞ்சு ஒன்று, பெரிய மாத்திரை ஒன்று. சின்ன காகிதக் கவரில் போட்டு, ‘காலை, மதியம், இரவு’ என்ற கட்டங்களில் ஒரு ‘டிக்’. காசு கை மாறுகிறது. பில் கிடையாது. எல்லாம் இரண்டே நிமிடம்!

ஐப்பசி, கார்த்திகை வந்தால் நகரத்தில் தெருவுக்குத் தெரு நடக்கும் காட்சி இது. இதில் என்ன ஆபத்து என்று கேட்கிறீர்களா? கவரைப் பிரித்துப் பார்த்தால் தலை சுற்றும்!

கணக்குப் போட்டால் பகீர்!

வெள்ளை மாத்திரை பாராசிட்டமால். அளவு 650 மில்லிகிராம்.

மஞ்சள் மாத்திரை ‘சளி மாத்திரை’. மூக்கடைப்பைக் குறைக்கும் மருந்தும், மூக்கு ஒழுகலை நிறுத்தும் மருந்தும் அதில் இருக்கின்றன. கூடவே பாராசிட்டமால் 500 மில்லிகிராமும் இருக்கிறது!

ஆரஞ்சு மாத்திரை உடம்பு வலிக்கு. அசிகுளோபினாக் என்ற வலி நிவாரணி. அதோடு பாராசிட்டமால் 325 மில்லிகிராம்!

ஆக, ஒரே வேளையில் 1,475 மில்லிகிராம். மூன்று வேளைக்கு 4,425 மில்லிகிராம். ஆரோக்கியமான பெரியவர் ஒருவர் 24 மணி நேரத்தில் சாப்பிடக்கூடிய உச்ச அளவே 4,000 மில்லிகிராம்தான். வீட்டுக்குப் போனதும் ‘இன்னும் ஜுரம் விடலையே’ என்று மனைவி அலமாரியிலிருந்து இன்னொரு 650 எடுத்துக் கொடுத்தால் கணக்கு 5,000-ஐத் தாண்டிவிடும்.

அவர் நினைப்பதோ மூன்று விதமான மாத்திரை சாப்பிடுகிறோம் என்று. உண்மையில் ஒரே மருந்து மூன்று வேஷத்தில் வயிற்றுக்குள் போகிறது!

பாராசிட்டமால் நல்ல மருந்துதான். அளவோடு சாப்பிட்டால் காய்ச்சலுக்கு அதைப் போல் பாதுகாப்பானது வேறு இல்லை. ஆனால் கல்லீரல் அதை உடைக்கும்போது சிறிதளவு விஷப்பொருள் உண்டாகிறது. அந்த விஷத்தை முறிக்க கல்லீரலிடம் ‘குளுட்டாதயோன்’ என்று ஒரு சரக்கு கையிருப்பில் இருக்கிறது. அளவு மீறினால் கையிருப்பு காலி! பிறகு விஷம் கல்லீரலையே அரிக்க ஆரம்பித்துவிடும்.

ஒரு நாள் அளவு கொஞ்சம் மீறினால் பலருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். மூன்று நாள், நான்கு நாள் தொடர்ந்தால்தான் வினை. தினமும் ‘தண்ணி’ போடுபவர்கள், சாப்பாடு இல்லாமல் மெலிந்து கிடப்பவர்கள், ஏற்கனவே கல்லீரல் கோளாறு உள்ளவர்கள் ஆகியோருக்கு 4,000 என்ற அளவே அதிகம்.

இதில் கொடுமை என்னவென்றால், முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. குமட்டல், வாந்தி, சோர்வு. ‘ஜுரம் அப்படித்தான் இருக்கும்’ என்று விட்டுவிடுவார்கள். கண் மஞ்சளாகும்போது காரியம் கை மீறியிருக்கும். இதற்கு முறிவு மருந்து இருக்கிறது. அசிட்டைல்சிஸ்டீன் என்று பெயர். ஒரேயடியாக அதிகம் விழுங்கியவர்களுக்கு 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். எனவே அளவு மீறி சாப்பிட்டது தெரிந்தால், ‘பார்க்கலாம்’ என்று காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பெரிய மாத்திரையின் கதை

கவரில் இருந்த நான்காவது பெரிய மாத்திரை ஆன்டிபயாடிக். பாக்டீரியா கிருமியைக் கொல்லும் மருந்து. ஆனால் சாதாரண சளியும் ப்ளூ காய்ச்சலும் வைரசால் வருபவை. வைரசுக்கும் இந்த மாத்திரைக்கும் சம்பந்தமே இல்லை! கொசுவுக்கு வைத்த மருந்தில் எலி சாகுமா?

சாகாதது மட்டுமல்ல. ஒரு நாளைக்கு ஒன்று, இரண்டு நாளைக்கு இரண்டு என்று அரைகுறையாகச் சாப்பிடுவதால் உடம்பில் உள்ள பாக்டீரியாக்கள் அந்த மருந்துக்குப் பழகிவிடுகின்றன. நாளை நிஜமாகவே நிமோனியா வந்து படுக்கும்போது அந்த மருந்து வேலை செய்யாது. அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருந்தால் அது டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து என்று அர்த்தம். கோடு இருக்கிறது. கத்தரிக்கோல் அதன் மேலேயே ஓடுகிறது!

சில கடைகளில் இன்னொரு குட்டி மாத்திரையும் செட்டில் சேரும். ‘போட்டா உடனே எழுந்து உக்காந்துடுவீங்க’ என்பார்கள். அது ஸ்டீராய்டு. உடம்பு வலி ஓடிப்போகும், பசி எடுக்கும், தெம்பு வரும். உள்ளே நோய் அப்படியே இருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறும்.

“தலைவரே, தூக்கம் வராதுல்ல?”

மணி 7. ஒரு ஆட்டோ டிரைவர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வருகிறார்.

“தலைவரே, மூக்கு ஊத்துது. ராத்திரி சவாரி இருக்கு. தூக்கம் வராத மாத்திரையா குடு.”

இந்தக் கேள்வியைக் கேட்டவரைப் பாராட்ட வேண்டும். பத்தில் ஒன்பது பேர் கேட்பதில்லை. சளி மாத்திரைகளில் சேரும் குளோர்பெனிரமைன் தூக்கத்தை வரவழைக்கும். சிட்ரிசினும் பலருக்கு அசத்தும். ‘நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்’ என்று ஓட்டுபவருக்கே தெரியாமல் பிரேக் மிதிக்கும் கால் ஒரு விநாடி தாமதிக்கும். அந்த ஒரு விநாடி போதும்! அதன் மேல் ஒரு குவார்ட்டரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வண்டி ஓட்டுபவர்கள், மெஷினில் வேலை செய்பவர்கள், சாரம் ஏறுபவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும்.

அவருக்குப் பின்னால் நிற்கிறார் ஒரு பெரியவர். ரத்தக் கொதிப்புக்கு பத்து வருஷமாக மாத்திரை சாப்பிடுகிறவர். மூக்கடைப்பைத் திறக்கும் பினைலெப்ரின் வகை மருந்துகள் ரத்தக் குழாய்களைச் சுருக்குபவை. கொதிப்பு ஏறும். புராஸ்டேட் வீக்கம் உள்ள ஆண்களுக்கு சளி மாத்திரை சாப்பிட்ட ராத்திரியே சிறுநீர் அடைத்துக்கொள்வதும் உண்டு. கண் நீர் அழுத்தம் உள்ளவர்களுக்கும் ஆகாது. பெரியவர் இதையெல்லாம் சொல்லவில்லை. கடைக்காரரும் கேட்கவில்லை.

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஆகியோர் ‘செட்’ பக்கமே போகக் கூடாது. டாக்டரைப் பார்ப்பது ஒன்றே வழி.

டெங்குவா, சளியா?

மழைக்கால ஜுரம் என்றால் அது ப்ளூவாகவும் இருக்கலாம், டெங்குவாகவும் இருக்கலாம். முதல் இரண்டு நாள் இரண்டும் ஒன்று போலவே இருக்கும். டெங்குவில் ரத்தத் தட்டணுக்கள் குறையும். ரத்தக் கசிவு வரும். அந்த நேரத்தில் ஆஸ்பிரின், இபுபுரோபென், டைகுளோபினாக், அசிகுளோபினாக் போன்ற வலி மாத்திரைகளோ, வலி ஊசியோ போட்டால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றிய கதைதான். வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால் வெளியே தெரியவே நேரமாகும்.

எனவே என்ன காய்ச்சல் என்று தெரியாதவரை பாராசிட்டமால் ஒன்று மட்டுமே. டெங்குவில் ஜுரம் இறங்கும் நேரம்தான் கண்டம் என்பதையும் மறக்கக் கூடாது. ‘ஜுரம் விட்டுடுச்சு’ என்று சந்தோஷப்படும்போது வயிற்று வலி, ஓயாத வாந்தி, பல் ஈறில் ரத்தம், கை கால் ஜில்லிப்பு இருந்தால் உடனே ஆஸ்பத்திரி.

குழந்தைகளுக்கும், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ‘ரேய்’ என்ற நோய் வரலாம். நிமுசுலைடு என்ற ஜுர மருந்தை 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கொடுக்க 2011-லேயே மத்திய அரசு தடை போட்டுவிட்டது.

டானிக் அல்ல, எமன்!

மணி 8. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் வருகிறார். ஒன்றரை வயது இருக்கும். ‘கர் கர்’ என்று இருமுகிறது.

“அண்ணா, போன தடவ பெரியவனுக்குக் குடுத்த இருமல் மருந்து இருக்கா? அதையே குடுங்க.”

இந்த இடத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும்.

2025-ம் ஆண்டு ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்கள். மத்தியப் பிரதேச மாநிலம் சிந்த்வாரா மாவட்டம், பராசியா. சாதாரண சளி, காய்ச்சல் என்று பிஞ்சுக் குழந்தைகளுக்கு ‘கோல்ட்ரிப்’ என்ற இருமல் மருந்து கொடுக்கப்பட்டது. சில நாளில் சிறுநீர் நின்றது. சிறுநீரகம் செயலிழந்தது. பெற்றோர் கடன் வாங்கி, நாகபுரி ஆஸ்பத்திரிகளுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருபதுக்கும் மேற்பட்ட குழந்தைகள் உயிர் பிழைக்கவில்லை.

அந்த மருந்து எங்கே தயாரானது தெரியுமா? நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்!

2025 அக்டோபர் 1-ந்தேதி தமிழகத்தில் அதன் விற்பனை நிறுத்தப்பட்டது. மருந்து கட்டுப்பாட்டு அதிகாரிகள் மாதிரி எடுத்து பரிசோதித்தார்கள். முடிவைப் பார்த்து நாடே அதிர்ந்தது. டை எத்திலீன் கிளைகால் என்ற விஷ ரசாயனம் 48.6 சதவீதம்! அனுமதிக்கப்பட்ட எல்லை வெறும் 0.1 சதவீதம். கிட்டத்தட்ட பாதி பாட்டில் விஷம். கம்பெனியின் லைசென்ஸ் ரத்து ஆனது. உரிமையாளர் சென்னையில் கைதானார். மருந்து எழுதிக் கொடுத்த டாக்டரும் கைது செய்யப்பட்டார்.

இந்த விஷம் மருந்துக்குள் எப்படி வருகிறது? டானிக்குக்கு இனிப்பும் வழவழப்பும் கொடுக்க கிளிசரின், புரோபிலீன் கிளைகால் போன்ற திரவங்கள் சேர்ப்பார்கள். மருந்துக்கென்று சுத்தமாகத் தயாரிப்பது விலை அதிகம். தொழிற்சாலை உபயோகத்துக்கு விற்கும் மலிவான சரக்கில் இந்த விஷம் கலந்திருக்கலாம். பரிசோதிக்காமல் ஊற்றினால் முடிந்தது கதை. நிறம் கிடையாது. ருசியோ இனிப்பு. குழந்தை சப்புக்கொட்டிக் குடிக்கும்!

இது புது விஷமும் அல்ல. 1937-ல் அமெரிக்காவில் இதே ரசாயனம் கலந்த மருந்து நூறு பேருக்கு மேல் பலி வாங்கியது. அதன் பிறகுதான் 1938-ல் அங்கே கடுமையான மருந்துச் சட்டம் வந்தது. 1970-களின் தொடக்கத்தில் இதே சென்னையில் பத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இதனால் இறந்தார்கள். 1986-ல் பம்பாய், 1998-ல் டெல்லி அருகே குர்காவ், 2022-ல் ஆப்பிரிக்காவின் காம்பியா. காம்பியாவில் மட்டும் சுமார் 70 குழந்தைகள்!

எந்த வயதுக்கு எது?

கலப்பட மருந்தை வீட்டில் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் தேவையில்லாத மருந்தைத் தவிர்க்க முடியும். 2 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவோ கொடுக்கவோ கூடாது, 5 வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை 2025 அக்டோபரில் அறிவுறுத்தியது. குளோர்பெனிரமைனும் பினைலெப்ரினும் சேர்ந்த கலவையை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிட 2023-லேயே உத்தரவு போடப்பட்டது.

சளி தானாகவே சரியாகும். இருமல் இரண்டு வாரம் வரை கூட இருந்துவிட்டுப் போகும். இருமல் மருந்து அந்த நாட்களைக் குறைப்பதில்லை.

தாய்மார்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு விஷயம்: ஜுர மருந்தில் ‘டிராப்ஸ்’ வேறு, ‘சிரப்’ வேறு. பாராசிட்டமால் டிராப்சில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் மருந்து இருக்கும். சிரப்பிலோ 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். சிரப் என்று நினைத்து டிராப்சை 5 மில்லி ஊற்றினால் 500 மில்லிகிராம். நான்கு மடங்கு! சிரப்பிலேயே 5 மில்லிக்கு 250 உள்ள பாட்டிலும் உண்டு. எனவே அண்ணனுக்கு வாங்கிய பாட்டிலைத் தம்பிக்கு ஊற்றாதீர்கள். குழந்தைக்கு எடை பார்த்துத்தான் அளவு. வீட்டு ஸ்பூனில் அளக்காமல், பாட்டிலோடு வரும் மூடியிலோ சிரிஞ்சிலோ அளக்க வேண்டும்.

கைக்குழந்தையின் நெஞ்சிலும் மூக்கிலும் கற்பூரம் தடவுவதும் வேண்டாம். கற்பூரம் உள்ளே போனால் வலிப்பு வரும். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் கூடாது. ஆவி பிடிக்கிறேன் என்று கொதிக்கும் பாத்திரத்தின் பக்கத்தில் குழந்தையை உட்கார வைத்து வெந்துபோன சம்பவங்களும் உண்டு.

“நான் கொடுக்காட்டி பக்கத்து கடை”

கூட்டம் குறைந்த நேரத்தில் கடைக்காரர் மனம் விட்டுப் பேசுகிறார். இருபது வருஷமாகக் கடையில் நிற்பவர்.

“சீட்டு கொண்டாங்கன்னு சொன்னா சண்டைக்கு வராங்க சார். ‘டாக்டருக்கு முந்நூறு குடுக்க எங்கிட்ட இருந்தா நான் ஏன் ஒங்கிட்ட வரேன்’னு கேக்கறாங்க. நான் இல்லேன்னு சொன்னா பக்கத்து கடையில வாங்கிட்டுப் போயிடுவாங்க. யாபாரமும் போச்சு, ஆளும் போயிட்டான்.”

அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தினக்கூலிக்குப் போகிறவனுக்கு ஒரு நாள் படுத்தால் அடுப்பு எரியாது. ஆனால் காசு இல்லை என்பதற்கு வழி ‘செட்’ அல்ல. மாநகராட்சி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களில் டாக்டர் இலவசம், மாத்திரையும் இலவசம். போனில் யோசனை கேட்க 104 இருக்கிறது. ஆபத்து என்றால் 108.

நல்ல கடைக்காரர் செய்யக்கூடியதும் நிறைய உண்டு. சீட்டில்லாமல் வரும் ஜுரக்காரருக்கு பாராசிட்டமால் ஒன்றை மட்டும் கொடுத்து, மூன்று கேள்வி கேட்டால் போதும்: “வேற என்ன மாத்திரை சாப்பிடறீங்க? பிரஷர், சுகர் இருக்கா? ஜுரம் எத்தினி நாளா?” இதற்கு அரை நிமிடம் கூட ஆகாது.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது

பில் கேட்டு வாங்குங்கள். பில்லில் மருந்தின் பேட்ச் நம்பர் இருக்கும். நாளை ‘இந்த பேட்ச் மருந்துக்குத் தடை’ என்று பேப்பரில் வந்தால், உங்கள் வீட்டில் இருப்பது அதுதானா என்று பார்க்க அது உதவும்.

அட்டையைத் துண்டு துண்டாக வெட்டினால் பெயரும் காலாவதி தேதியும் ஒரு பக்கம் போய்விடும். எழுத்து உள்ள பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள்.

அட்டையில் கம்பெனி வைத்த பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் இருக்கும். இரண்டு மாத்திரையிலும் பாராசிட்டமால் என்று இருந்தால் ஒன்றைத் திருப்பிக் கொடுங்கள்.

பாராசிட்டமால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் நான்கிலிருந்து ஆறு மணி நேரம் இடைவெளி வேண்டும். நிறையத் தண்ணீர், கஞ்சி, ரசம், உப்புத் தண்ணீரில் தொண்டை கொப்பளிப்பு, ஓய்வு. பாதி வைத்தியம் இதுதான்.

மூச்சு இரைப்பு, நெஞ்சு வலி, உதடு நீலம், பேச்சுக் குழறல், மூன்று நாளாக விடாத காய்ச்சல், குழந்தை பால் குடிக்காமை, சிறுநீர் குறைவு. இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் மருந்துக் கடையைத் தாண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ப்ளூவுக்கென்று ஒரு மாத்திரை இருக்கிறது. யாருக்குத் தேவை என்று டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்தால்தான் பலன் அதிகம்.

கவரில் இல்லாதது

ராத்திரி மணி 9. கடையின் ஷட்டர் பாதி இறங்குகிறது. மேஜை மேல் நாளைக்கான காகிதக் கவர்கள் கட்டாக அடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்தக் கவரோடு ஒருவர் பெரிய ஆஸ்பத்திரிக்கு வந்தால் என்ன நடக்கும்? “என்ன மாத்திரை சாப்பிட்டார்?” என்பதுதான் டாக்டரின் முதல் கேள்வி. கூட வந்த மனைவி முந்தானையிலிருந்து கவரை எடுத்து நீட்டுவார். “வெள்ள ஒண்ணு, மஞ்சா ஒண்ணு, ஆரஞ்சு ஒண்ணு குடுத்தாங்க சார்.” அதை வைத்துக்கொண்டு எந்த டாக்டர் என்ன செய்ய முடியும்? முறிவு மருந்து கொடுப்பதா, வேண்டாமா என்று தெரிவதற்குள் அந்த 8 மணி நேரம் ஓடிவிடும்.

கவரில் காலை இருக்கிறது, மதியம் இருக்கிறது, இரவு இருக்கிறது. மருந்தின் பெயர் மட்டும் இல்லை.

நாளை மாலை ரயிலை விட்டு இறங்கி, தும்மிக்கொண்டே கடைக்குப் போகிறவர்கள் ‘ஒரு செட் குடுங்க’ என்று சொல்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும்:

“அண்ணே, இது என்ன மாத்திரை? பேரு எழுதிக் குடுங்க!”